மச்சாளின் எனாமல் தட்டு

எங்கள் குசினி அலுமாரியில் எப்போதும் ஒரு வெள்ளை எனாமல் தட்டு இருக்கும். விளிம்பில் நீலக் கோடு. ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். கணவரின் தங்கை, என் மச்சாள், மகளுக்குக் கொடுத்தது. எறிந்துவிடலாம் என்று பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். உதிர்ந்தது பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் பிசைந்து ஊட்டாமல் ஒரு வாயும் சாப்பிடமாட்டாள். ஊட்டினாலும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பாள். நிறை பார்க்கும் தாதி ஒவ்வொரு முறையும் தலையைச் சற்றுச் சரிப்பார். அந்தச் சரிவை நினைத்தே எனக்கு நித்திரை கெட்டுவிடும். அந்த நாட்களில்தான் மச்சாள் எங்களை யாரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துத் தங்க அழைத்தாள். மின்சார வசதியுள்ள இடமாகப் பார்த்துப் பதியச் சொன்னேன். ரைஸ் குக்கர், பருப்பு, ஆறவைத்த கொதிநீர் என்று காரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். "அண்ணி, குசினியையே கழட்டிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று மச்சாள் சிரித்தாள். அவளுடைய சாமான் எல்லாம் ஒரு முதுகுப் பைக்குள் அடங்கியிருந்தது.

வேலிக்கு அப்பால், பறவைகளுக்குப் பயந்து வெள்ளை வலை போர்த்திய திராட்சைக் கொடிகள் மலையடிவரை வரிசையாகப் போயின. மச்சாள் மகளின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். தடுப்பதா விடுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இருவரும் மறைந்துவிட்டார்கள். முழங்கால்வரை சேற்றோடு மகள் திரும்பி வந்ததும், நான் கூடாரத்துக்குள் போய்ச் சோறு பிசைந்தேன். நெய் விட்டு, சூடு பார்த்து, உருண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், மகள் புல்லில் சம்மணமிட்டு, இந்தத் தட்டை மடியில் வைத்து, பொரித்த முட்டையையும் பாண் துண்டையும் தன் கையாலேயே தின்றுகொண்டிருந்தாள். மச்சாள் அவளைப் பார்க்கக்கூட இல்லை. முதுகைக் காட்டியபடி தளர்ந்த கூடார ஆணி ஒன்றை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஊட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"பசிச்சால் சாப்பிடுவாள் அண்ணி, விடுங்கோ" என்றாள், திரும்பாமலே.

கணவர் தன் பங்குக்கு, "என்ர தங்கச்சியைப் பார்த்துக் கொஞ்சம் பழகும்" என்றார். பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி இன்றும் என் காதுக்குள் இருக்கிறது. மகள் சாப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிந்தி வந்தது. முதலில் வந்தது பொறாமை: மச்சாளுடைய வெயில் பட்ட கைகள் மீது, யோசிக்காமல் பேசும் வாய் மீது, பக்கத்துத் தோட்டத்தில் வைன் ருசி பார்த்துவிட்டு மரநிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்து அவள் போட்ட நித்திரை மீது. பிசைந்த சோற்றை நானே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

புறப்படும்போது மச்சாள் தட்டை மகளிடமே கொடுத்துவிட்டாள். அதன்பிறகு வீட்டிலும் மகள் அதில் தானாகச் சாப்பிடத் தொடங்கினாள். தாதியின் தலையும் நேரானது. மச்சாளுக்கு நன்றி சொன்னேன். மனம் முழுவதையும் வைத்துச் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது மகளுக்கு ஏழு வயது. இன்று காலை, பாடசாலை விடுமுறைக்கு, மாமியோடு, அதாவது என் மச்சாளோடு, தனியாக அதே இடத்துக்குப் போனாள். எனக்கு வேலை. தட்டையும் கொண்டுபோக வேண்டும் என்றாள். நேற்றுப் பின்னேரம் அதில் சோறு போட்டுக் கொடுத்தேன். புத்தகத்தை வாசித்தபடி சாப்பிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. பழக்கத்தில் அதைத் திரட்டி உருட்டி நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகு வெட்கமாக இருந்தது. அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டு மறுபடியும் திறந்தாள்.

"மாமியிட்டை சொல்லாதேங்கோ அம்மா, ஓகே?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தட்டைக் கழுவித் துடைத்து நானே அவளுடைய பைக்குள் வைத்தேன். காலையில் மச்சாள் வந்து நின்றபோதும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் இப்படி எழுதுவதையெல்லாம் மாமி ஒன்றுவிடாமல் வாசிப்பாள் என்பது மகளுக்குத் தெரியாது.