மகேஸ்வரியிடம் நான் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திண்டுக்கல் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு குதி குதித்தேன். இந்த வயதில்! அங்கே நின்ற போலீஸ்காரம்மா முறைத்தார். முறைக்கட்டுமே...

காரணம், மகேஸ்வரி.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் தரம் பிரிக்கிறவர். ஏழு வயதில் ஒரு மகள். கணவர் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். கூடவே, மகள் தன்னிடம்தான் வளர வேண்டும் என்று ஒரு மனு. பிரிவைக்கூடத் தாங்கிவிடலாம்... பிள்ளையை?

ஆனால் முதல் விசாரணையில் நீதிபதி இரண்டு முறை கேட்டும் மகேஸ்வரிக்கு வாயே திறக்கவில்லையாம். கை நடுங்கியிருக்கிறது. தலை குனிந்து நின்றுவிட்டு, அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

அவருடைய வக்கீல்தான் என் சிநேகிதியிடம் அனுப்பி வைத்தார். சிநேகிதி மனநல ஆலோசகர். விவாகரத்து வழக்கில் இருக்கும் பெண்களைச் சனிக்கிழமைதோறும் கூட்டி உட்காரவைத்துப் பேசுகிறாள்.

முதலில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். மனதில் ஓடுவதை இடது பக்கம் எழுத வேண்டும். 'என்னால் எதுவும் முடியாது' என்று எழுதினார் மகேஸ்வரி. அது நிஜம்தானா என்று பார்க்க, அந்த வாரம் தானே செய்து முடித்ததையெல்லாம் வலது பக்கம் எழுத வேண்டும். காய்ச்சலில் கிடந்த மகளைத் தனியாளாகப் பழனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதில் தொடங்கி, வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போய்விட்டது!

போன மாதம் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். சிநேகிதி விடுவாளா?

"சும்மாதானே உக்காந்திருக்க? வந்து எதிர்த்தரப்பு வக்கீலா நில்லு. இருக்கறதுலயே மோசமான கேள்வியாக் கேளு."

கேட்டேன். "நீங்க மனநல சிகிச்சைக்குப் போறீங்களாமே... உங்களை நம்பி எப்படிப் பிள்ளையை விடறது?"

மகேஸ்வரி உடைந்து அழுதுவிட்டார். எனக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவளைச் சிநேகிதி தடுத்தாள். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பாதத்தைத் தரையில் அழுத்தி, மெதுவாக மூச்சு விடச் சொன்னாள். இன்னொரு தடவை கேட்கலாமா என்று மகேஸ்வரியிடமே கேட்டாள். அவர் தலையாட்டினார்.

நான்கு சனிக்கிழமைகள் அதே கேள்வி. முதல் வாரம் அழுகை. இரண்டாவது வாரம் பாதி வாக்கியம். மூன்றாவது வாரம் என் மேல் கோபம் — பயந்தே போனேன்! நான்காவது வாரம் என் கண்ணைப் பார்த்து முழுதாகப் பதில் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை உள்ளே விசாரணை. வெளியே நான். இருபது நிமிடம் இருக்கும். கதவு திறந்தது.

"அதே கேள்விதானுங்கக்கா," என்றார் மகேஸ்வரி. "ஆனா உங்களையாட்டம் இல்லீங்க. அவங்க வக்கீலு மெதுவாத்தான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்க, போறனுங்க. போகாம இருந்திருந்தா இன்னிக்கும் தலையக் குனிஞ்சுட்டுத்தான் நின்னிருப்பனுங்க. எம்புள்ளைக்குத் தெம்பான அம்மா வேணும், அதுக்குத்தான் போறேன்னு சொன்னனுங்க."

கை நடுங்கவில்லையா என்று கேட்டேன்.

"நடுங்குச்சுங்க. நடுங்கட்டும்னு விட்டுட்டனுங்க."

வழக்கு முடியும்வரை மகள் அம்மாவிடமே இருக்கலாம், அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று உத்தரவாம். அப்போதுதான் அந்தக் குதி!

விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. இன்னும் எத்தனை வாய்தாவோ... ஆனால் அடுத்த தேதியை வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொண்டது மகேஸ்வரிதான்.

நாமும் விசித்திரமானவர்கள்தான். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் ட்ரையல், ஜடை ட்ரையல், ரிசப்ஷன் டான்ஸுக்குக்கூட ஒரு மாதம் பிராக்டிஸ்...

கோர்ட் படி ஏறுகிற பெண்ணை மட்டும் நேராக மேடையேற்றிவிடுகிறோம்!