தூக்கி எறிந்த குச்சி

மிளகுத் தோட்டத்துக் காவல் வேலையை விட்டுவிட்டு வாழவந்தி நாட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். யாரோடும் சண்டையில்லை. இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் நடந்த பாதை, இரண்டு மழைக்காலத்துக்கு முன் நானும் கூட இருந்து வெட்டியது.

துரை குதிரையில் வருவதற்காகப் போட்ட பாதை அது. மலையூர்கள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆள் குறைவு. ஓவர்சியர் ஊருக்கொரு கல்லாகத் தரையில் வைத்து, நடுவே குச்சிகளைப் போட்டார். வெட்டச் சுலபமான வழிக்குக் குட்டைக் குச்சி, கடினமானதற்கு நெட்டை. இருப்பதில் குட்டையானதை முதலில் எடுத்தார். பிறகு அதற்கு அடுத்தது. ஏற்கெனவே எப்படியோ சேர்ந்துவிட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே குச்சி வந்தால் தூக்கி எறிந்தார்.

“சுத்திச் சுத்தி வர நாம என்ன செக்கு மாடா?” என்றார்.

எல்லா ஊரும் சேர்ந்தன. அதைவிடக் குறைந்த வேலையில் சேர்த்திருக்க முடியாது. கணக்கு சரிதான்.

எறிந்த குச்சிகளில் ஒன்று, உச்சியில் இருந்த ஊரிலிருந்து மருத்துவச்சி இருந்த ஊருக்குப் போன காட்டுத்தடம். புதுப்பாதை நடுவிலிருந்த ஊர் வழியாகப் போனதால் எல்லோரும் அதிலேயே நடந்தார்கள். பழைய தடத்தை உண்ணிமுள் மூடிவிட்டது.

அந்த நடு ஊரின் எல்லைக்கு நான் வந்தபோது, உச்சியூர்க்காரர்கள் நாலு பேர் மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைச் சுமந்து நின்றார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. எதிரே வேப்பிலைத் தோரணம், அதற்குக் கீழே ஊர்க்காரர் ஒருவர்.

“காப்புக் கட்டிட்டோமுங்க. நோன்பு முடியற மட்டும் வெளியாளு உள்ளார வரப்படாது.”

“வேற வழி ஏதுங்க?” என்றான் அவள் புருஷன்.

“முந்தியெல்லாம் காட்டுத்தடத்துலதானே போவீங்க?”

“அது இப்ப முள்ளுங்க.”

சுமந்தவர்களில் ஒருவன், “அப்பப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க, கெடா வெட்டற மட்டும் பொறுத்துக்கச் சொல்லி” என்றான்.

ஊர்க்காரர் உள்ளே போய் ஓர் அரிவாளைக் கொண்டுவந்து, எல்லையைத் தாண்டாமல், எங்கள் பக்கம் புல்லில் போட்டார். “அம்மன் காரியஞ் சாமி” என்றார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஊரின் இரண்டு பக்கமும் செங்குத்துப் பள்ளம். சுற்றிக்கொண்டும் போக முடியாது.

பழைய தடம் பிரியும் இடத்துக்குத் திரும்பி ஏறினோம். அரிவாள் எனக்குக் கைப்பழக்கம் என்பதால் நான் முன்னால் வெட்டினேன். பின்னால் அவள் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, வெட்டினேன். இருட்டுவதற்குள் மருத்துவச்சி வீட்டை அடைந்தோம். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

விடிந்ததும் புருஷன் என்னிடம் வந்தான். முகம் கழுவியிருந்தான்.

“ஏனுங்க, எங்கயும் அவசரமாப் போகோணுமா?”

“இல்லை.”

“அந்தத் தடத்த நல்லா அகலமா வெட்டிக் குடுக்கறீங்களா? எங்க ஊட்டுல களி கிண்டித் தாரோம்.”

சரி என்றேன். முந்தின நாள் முள்ளின் நுனியை மட்டுமே வெட்டியிருந்தேன். அன்று முள்ளை வேரோடு தோண்ட ஆரம்பித்தேன்.