கலவை ஒயினும் அறைத் தோழியும்

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளராக இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அத்திப்பள்ளி தாண்டி ஓர் ஓட்டலில் விருந்து ஏற்பாடானது. ஒயின் தேர்வு என் பொறுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் புதிய பதவி எனக்கா, உடன் வேலை செய்யும் சுதாவுக்கா என்று முடிவாகாத நேரம் அது. மத்திகிரியில் நாங்கள் ஒரே அறை. எனக்குக் குடிப்பழக்கம் இல்லாததால், ஒயின் பற்றித் தெரிந்த அவளிடமே கேட்டேன்.

"பல திராட்சை கலந்த சிவப்பு ஒயினை எடுத்துறாத புள்ள. மிஞ்சினதையெல்லாம் ஒண்ணா ஊத்தி வெச்சிருப்பாங்க" என்றாள்.

எங்கள் வேலையில் ஒரு தட்டில் இரண்டு வகைப் பாகங்கள் கலந்தாலே ஒதுக்கிவிடுவோம். அதனால் உடனே நம்பினேன்.

விருந்தாளி கலவை ஒயின் கேட்டபோது, "அது இரண்டாம் தரம்" என்றேன். அவர் ஒயின் பட்டியலை மூடி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுதா சிரித்தபடி, ஒரு திராட்சை துவர்ப்பையும் இன்னொன்று மென்மையையும் மற்றொன்று மணத்தையும் தருவதால்தான் கலக்கிறார்கள் என்று அழகாக விளக்கினாள். பதவி அவளுக்கே போனது.

"தெரிஞ்சே ஏன்டி பொய் சொன்ன?" என்று அறையில் அவளிடம் கேட்டேன்.

"நீ அதை அங்க போய் அப்படியே ஒப்பிப்பேன்னு நான் கண்டனா?"

இப்போது எந்தெந்தத் திராட்சை, எது அதிகம் என்று பாட்டிலின் பின்பக்க லேபிளை நானே படிக்கிறேன். உணவுக்கு எது பொருந்தும் என்று பரிமாறுபவரிடம் கேட்கிறேன். அறையை மாற்றிவிட்டேன். சுதாவிடம் வேலை விஷயம் மட்டும்தான், அதுவும் மின்னஞ்சலில்.