கால் படாத மரத்தின் மேல் ஒரு நூல்

என் மனைவிக்கு எட்டு மாதம் முடிந்த பிறகு நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் போன் எடுக்காது. ஒரு பேச்சு பேச வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் நடந்து பாறை மேல் ஏற வேண்டும். கூப்பிட்டால் ஜீப் வரும். கூப்பிடத்தான் வழியில்லை.

ஜீப் ஓட்டுகிறவர் என் கடையில் டயர் கழற்றும்போது சொல்வார்: "இந்த மலையில அவசரம்னு சொன்னா ஜீப்புக்கே சிரிப்பு வரும்." மற்ற நாளில் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அந்த மாதம் சிரிக்க முடியவில்லை.

"பத்து நாள் முன்னாடியே ஆஸ்பத்திரியில வந்து படுத்துக்கோ" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். இவள் கேட்கவில்லை.

"வலியே இல்லாம இன்னாத்துக்குப் படுத்துக் கெடக்கணும்? ஃபேன எண்ணிக்கினா?"

எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மேடு. அதில் ஒரு பெரிய நாவல் மரம். ஒரு நாள் மூங்கில் கழியின் நுனியில் போனைக் கட்டி, அந்த மரத்தடியில் நின்று உயர்த்திப் பார்த்தேன். இறக்கியபோது நாலு மெசேஜ் வந்து கிடந்தது. இன்னும் இரண்டு ஆள் உயரம் போனால் சிக்னல் நிலையாக நிற்கும் என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு உயரத்துக்குக் கழி எட்டாது. பழைய போன் ஒன்றில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கிளையில் தொங்கவிட்டால், அடியில் நின்று இன்னொரு போனில் நெட் கால் பேசலாம்.

ஆனால் அது சாமி மரம். யாரும் ஏறக் கூடாது. பழம் தானாக உதிர்ந்தால்தான் பொறுக்குவார்கள். பூசாரியிடம் போய் நின்றேன்.

"போன் தொங்கவிட்டா சாமி ஒண்ணும் சொல்லாதுங்களா?"

"திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரன் கழியால ஒயர் மாட்டறானே, சொல்லுச்சா? கால் வெக்கக் கூடாது. கல் எறியக் கூடாது. அவ்ளோதான்."

"காகிதம் எறியலாங்களா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "காகிதம் பட்டா மரத்துக்கு இன்னா நோவப் போவுது? எறி. ஆனா அவ்ளோ ஒயரம் எப்படிப் போவும்?"

"காத்துல போவுங்க."

"பஞ்சர் ஒட்றவன் பேச்சப் பாரு" என்றார்.

காகிதத்தில் ராக்கெட் செய்து காற்றழுத்தத்தில் விடுவதை எப்போதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மீதியை என் கை கண்டுபிடித்தது. இரண்டு அங்குலக் குழாயில் மூன்றடி வெட்டி, இரு முனையையும் மூடி, ஒரு பக்கம் டியூபில் காற்றடிக்கிற மவுத்தை ஒட்டினேன். காற்று அடைத்து வைக்கும் இடம் அது. இன்னொரு பக்கம், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வைக்கிற வால்வு, கால் திருப்பில் முழுசாகத் திறப்பது. அதற்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அரை அங்குலக் குழாய். ராக்கெட்டை அதில்தான் செருக வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் கத்தி மாதிரி பறக்கும் என்பதால் காற்றறை முழுவதும் பழைய டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினேன். முப்பது பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராக்கெட் என்னைப் படுத்திவிட்டது. முதலாவதில் மூக்கு சரியாக ஒட்டவில்லை. காற்று மூக்கைப் பிய்த்துக்கொண்டு போனது, உடம்பு குழாயிலேயே நின்றது. இரண்டாவதை மத்தியானம் கச்சிதமாகச் சுற்றினேன். மறுநாள் காலைப் பனியில் காகிதம் ஊறி, குழாயைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. அதன் பிறகுதான் குழாய் மேல் ஒரு சுற்று பால் கவரை வைத்து, அதன் மேல் காகிதத்தைச் சுற்றி, கவரை உருவிவிடும் யோசனை வந்தது. அந்த ஒரு கவர் அளவு தளர்ச்சி போதும். இறக்கைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. மூக்குக்குள் கனத்துக்கு ஒரு துண்டு பஞ்சர் ரப்பர். வாலில் மீன்பிடி நைலான் நூல், சிக்காமல் ஓட, தாம்பாளத்தில் வளையம் வளையமாகப் போட்டு வைத்தேன். நூல் கிளையைத் தாண்டினால் அதில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம்.

"இத்தினி நாள்ல புள்ளைக்கு ஒரு துணியாச்சும் தெச்சிருக்கலாமே?" என்றாள் என் மனைவி. ஆனால் மைதா பசை காய்ச்சித் தந்தது அவள்தான்.

விடுகிற நாளில் பூசாரி கொட்டாங்கச்சியில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தார். "புதுசா ஒண்ணு கெளம்பறப்ப மூளியாவா அனுப்பறது?"

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. என் கடைக்கு வந்த கம்ப்ரசருக்கு நானே மஞ்சள் பூசியவன். ராக்கெட்டை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினேன். அவர் மூன்று இடத்தில் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்தார். காற்றை அடித்து வால்வைத் திருப்பினேன். டப்பென்று ஒரு சத்தம். மஞ்சள் ஊறிய இடத்தில் காகிதம் கிழிந்து, பூசாரியின் முகமெல்லாம் மஞ்சள் துணுக்கு.

"சாமிக்கு வெச்சத எனக்கே திருப்பிக் குடுத்துட்ட" என்றார், துடைத்துக்கொண்டே.

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வயிற்றைப் பிடித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னா, வலியா?" என்று ஓடினேன்.

"சிரிப்புங்க. போங்க அந்தாண்ட." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஜீப்புக்குப் பொட்டு வெக்கறப்ப டயருக்கா வெப்பீங்க? குழாய்க்கு வைங்க. தள்றது அதுதான?"

பூசாரி யோசித்தார். குழாய்க்கு மஞ்சள் வைத்தார். மறுநாள் காயவைத்த இன்னொரு ராக்கெட்டை அதில் செருகி, குழாயைக் கொஞ்சம் சாய்த்து, வால்வைத் திருப்பினேன். தாம்பாளத்து நூல் சரசரவென்று ஓடியது. ராக்கெட் கிளையைத் தாண்டி, அந்தப் பக்கம் சாமைக் கொல்லையில் விழுந்தது. இலை ஒன்று கூட உதிரவில்லை. பூசாரி கையைக் கட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலிதீன் பையில் போட்ட போன் மேலே ஏறியது. தினமும் சார்ஜுக்கு இறக்கி, மறுபடி ஏற்றுவது என் வேலை ஆனது. போன் கீழே இருக்கும் இரண்டு மணி நேரமும் நான் கடையில் நிற்காமல் வீட்டிலேயே இருப்பேன்.

வலி வந்தது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கிப் பையில் போட்டு, மேட்டுக்கு ஓடி, கயிற்றை இழுத்தேன். அவசரத்தில் கயிறு நழுவி, பை பாதியிலிருந்து கீழே வந்தது. மறுபடி இழுத்து, முடிச்சுப் போட்டு, என் போனில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். "வலி எத்தினி நிமிஷத்துக்கு ஒரு தடவ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மேட்டிலிருந்தபடியே கத்திக் கேட்டேன்.

வீட்டு வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் விரலைக் காட்டினாள். எட்டு.

"வண்டி அனுப்பறேன். நீங்க அங்கியே இருங்க, லைன உட்றாதீங்க" என்றார் நர்ஸம்மா.

லைனை விடாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கீழிருந்து அவள் குரல் வந்தது:

"வண்டி வர்ற வரைக்கும் ஒக்காருங்க. எனக்குத் தல சுத்துது உங்களப் பாத்து."

உட்கார்ந்தேன். வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.