யானைப் பக்கத்தில் ஒட்டிய தாள்

எதையும் தேதியோடு சொல்வதுதான் என் வழக்கம். இதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. எழுபதுகளின் பிற்பாதி, ஆடி மழை என்பதோடு என் நினைவு நின்றுவிடுகிறது. அப்போது நான் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்.

அந்த மழையில், விடியும் நேரத்தில், ஒரு யானை எங்கள் குவார்ட்டர்ஸின் சமையலறைச் சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மகள் படுத்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"தீவாளி வரைக்கும் பாப்போம்ங்க," என்றாள் என் மனைவி. "அப்பவும் இப்படியே கெடந்தாள்னா போடில எங்க அக்கா வீட்ல விட்ருவோம். அங்கயாவது பள்ளிக்கூடம் போவா."

எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவளை மலையிறக்கி அனுப்புவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சாமான் வாங்க போடிக்குப் போனபோது, குழந்தைகளுக்கான காட்டு விலங்குப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு விலங்கு, படத்தின் கீழே இரண்டு மூன்று வரி. பயப்படுகிற விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொண்டால் பயம் விட்டுப்போகும் என்று நான் நம்பினேன். என் பயங்கள் அப்படித்தான் போயிருந்தன.

புலி, கரடி, காட்டுமாடு என்று விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். யானைப் பக்கம் வந்தது. 'யானை சாதுவான விலங்கு. அது யாரையும் துன்புறுத்தாது.'

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நம்ம சொவர யாருப்பா இடிச்சா?"

அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. மற்ற விலங்குகளைப் பற்றி எழுதியிருந்ததையும் நம்பவில்லை. நானே தாள் வெட்டி, அச்செழுத்து மாதிரி எழுதி, சோற்றுப் பசை தடவி அந்த வரிகளின் மேல் ஒட்டினேன். 'யானைக்கும் பசிக்கும். அரிசி வாசம் அதற்குத் தெரியும். ஆள் சத்தம் கேட்டால் பெரும்பாலும் விலகிப் போகும்.'

"பெரும்பாலும்னா?"

"அநேகமா."

"அப்ப சில நேரம் போகாது."

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டா என்ன கொறஞ்சா போவீங்க?"

எடுத்தேன். அந்த வார்த்தை இல்லாத வேறு தாளை அதன் மேலேயே ஒட்டினேன். மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழ இருக்குல்ல," என்றாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. பனிமூட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டேதான் நடப்பார்கள். ஆள் வருவது தெரிந்தால் யானை ஒதுங்கும் என்பது கணக்கு. ஆனால் வழியில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; 'பெரியவர்' என்பார்கள். பள்ளிக்கூடம் அவர்கள் போகும் வழியில்தான் இருந்தது. "அவங்களோட நட, அந்த வெலங்குப் புத்தகத்தச் சத்தமாப் படி," என்று மகளிடம் கெஞ்சினேன். எப்படியோ சம்மதித்தாள். மறுநாள் என் வேட்டியைப் பிடித்தபடி, படித்துக்கொண்டே நடந்தாள்.

முன்னால் போன பெண் திரும்பிக் கேலி செய்தாள். "கிளார்க்கய்யா மகளப் பாருங்கடி, நம்மளவிட வாய் பெருசு. படி தாயி, அந்தப் பேரு வர்ற எடத்துல மட்டும் பெரியவருன்னு படி."

"எழுத்துல அப்படி இல்ல," என்றாள் மகள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

வளைவில் பாதை நடுவே யானை போட்ட லத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. பேச்சு நின்றது. அந்தப் பெண் கைதட்டி, "பெரியவரே, புள்ளகுட்டியோட போறோம், வழி விடுங்க," என்று மூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். எங்கும் அசைவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பெண்கள் நடந்தார்கள்.

மகள் உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனேன், தேயிலைச் செடியின் தூரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான், பள்ளிக்கூடம் தெரியுது பாரு," என்றேன். மூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. இழுத்தேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. பிடியை மட்டும் விடவில்லை. பாவாடை நனைந்திருந்தது. நான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்கய்யா," என்றாள் அந்தப் பெண், திரும்பி வந்து. "புள்ள கை கிழியுது."

வீட்டுக்குத் தூக்கி வந்து, "போடிக்கே போகட்டும்," என்று நானே சொன்னேன். என் மனைவி மகள் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

தீபாவளிக்கு முன்பே கிளம்பினோம். ரோட்டில் பஸ் வந்து நின்றது. சுவர் இடிந்த நாளிலிருந்து என் வேட்டியைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்காதவள், கட்டுப் போட்ட கையால் கம்பியைப் பிடித்து எனக்கு முன்னால் ஏறினாள். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பா, சீக்கிரம் ஏறுங்க," என்றாள்.