பத்துப் பேரில் ஒருவரை நீக்கினால்

நியம விலகல் கணக்கின் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை வைத்து என்னை வெளியே தள்ளிய மனிதர்கள் மீதுதான் ஆத்திரம். மூன்று வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

மாத்தளையில் நான் படித்த பாடசாலையில், உயர்தரப் பரீட்சைக்கு ‘இணைந்த கணிதம்’ என்ற பாடத்தை எடுத்தவர்கள் பத்துப் பேர். பரீட்சை விண்ணப்பம் அனுப்புவதற்கு முந்திய தவணைச் சோதனைக்கு டெங்குக் காய்ச்சலோடு போய், பாதி வினாத்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு புள்ளி. எல்லாருடைய புள்ளிகளையும் வகுப்புக் கதவில் ஒட்டினார்கள். அதற்கு முன்பு நான் அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, "இது கட்டாயம் வரும்" என்று சொல்லிக் கணிதம் படிப்பித்த சேர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். பத்து மாணவரின் புள்ளிகளின் இடை, அதாவது சராசரி, ஐம்பது. நியம விலகல், அதாவது புள்ளிகளின் சிதறல், பதினைந்து. ஒருவரை நீக்கினால் மற்ற ஒன்பது பேரின் இடை ஐம்பத்துநான்கு. நீக்கப்பட்டவரின் புள்ளியையும் புதிய நியம விலகலையும் காண்க.

ஐந்நூறிலிருந்து நானூற்று எண்பத்தாறைக் கழித்தேன். வர்க்கங்களைக் கூட்டி, கழித்து, வகுத்தேன். மற்றவர்கள் பாதியில் நிற்கும்போதே எனக்கு விடை வந்துவிட்டது.

"பதினாலு சேர்! விலகல் ஒம்பதரை!" என்று கத்தினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பது பேரும் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாத்தீங்களா, ஒரு ஆள எடுத்தா இடை கூடுது, சிதறலும் கொறையுது" என்றார் சேர். "நான் யார் பேரையும் சொல்லல." சொல்லிவிட்டுச் சிரித்தார். வெட்கங்கெட்ட சிரிப்பு.

இடைவேளையில் பாடசாலை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. நான் சொந்த விருப்பத்தில் பாடசாலையை விட்டு விலகி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சை எழுதப் போகிறேனாம். பாடசாலையின் பரீட்சைப் பெறுபேற்றுச் சராசரியை நான் கெடுத்துவிடக் கூடாதாம். கடிதத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்காக என் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

உக்குவளையில் அப்பாவுக்குத் தையல் கடை. நேரே அங்கே போய்க் கத்தினேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"அதிபரே எந்திரிச்சு கதிரை போட்டாரும்மா. ஒன்னோட நல்லதுக்குன்னு சொன்னாரு."

"என்னய எடுத்ததால மத்த ஒம்பது பேருல ஒருத்தருக்காவது ஒரு புள்ளி கூடுச்சாப்பா? அவங்கவங்களுக்கு இருந்த புள்ளி அப்படியேதான் இருக்கு. கூடுனது இவங்களோட சராசரி மட்டுந்தான்!"

அவர் மெஷினை மிதித்தார். பல மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டிலேயே கிடந்து பழைய வினாத்தாள்களைச் செய்தேன். பள்ளிச் சீருடை இல்லாமல், முன்பின் தெரியாதவர்களோடு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். இணைந்த கணிதத்தில் உச்சத் தரமான ஏ வந்தது.

பெறுபேறு வந்த மறுநாள் கடையில் இருந்தேன். அப்பாவின் கையில் துணி இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். பேசியது அதிபர். பாடசாலை வாசலில் கட்டப்போகும் பேனருக்கு என் படம் வேண்டுமாம். "நம்ம பிள்ளதானே" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அவள நீங்க எடுத்துட்டீங்க சேர்" என்றார். "மிச்சம் ஒம்பது பேரு இருக்காங்கல்ல, அவங்க படத்தப் போடுங்க."