பழம்பாட்டு ஆகிப்போன மெட்டு

மஃப்ரக் என்ற பாலைவன ஊருக்குக் கிழக்கே, ஆட்டு மந்தையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் வத்ஹா மூத்தவள். தாய் தகப்பன் போனபின் தம்பி மிஷ்ஆலை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். வசந்தம் வந்தால் தயிர் கடைவதும், கடைந்ததை வடித்து உப்பிட்டு உருட்டிக் காயவைப்பதும் அவள் பாடு. பழைய வாஷிங் மெஷின் ஒன்றில்தான் கடைவாள். அது தடக், தடதடக் என்று நொண்டிக்கொண்டு ஓடும்.

ஒட்டகப் பயணத்தில் பாடுகிற பாட்டுகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் அந்த நொண்டல் தாளத்தில் ஒன்றை முணுமுணுத்தபோது, மூன்றாவது அடி இடறி வேறெங்கோ போயிற்று. அவள் விடவில்லை. இரண்டு மாதம் அதையே திருப்பித் திருப்பிப் பாடிப் புது மெட்டு கட்டினாள், சொற்களும் அவளுடையவை. கல்யாணங்களில் ஒற்றைத்தந்தி ரபாபா வாசித்துப் பாடுகிற மிஷ்ஆல் கேட்டுவிட்டு அசந்துபோனான்.

"எனக்குக் குடு அக்கா. எங்க பாடினாலும் உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்."

கொடுத்தாள். அடுத்த கோடைக்குள் பாட்டு எங்கும் பரவிவிட்டது. மிஷ்ஆலைத் தொலைக்காட்சிக்கு அழைத்தார்கள். அன்று அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டில் கூட்டி, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வத்ஹா டிவி முன் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டார் பேட்டி எடுத்தவர்.

"யாருன்னு சொல்றது? இருநூறு வருஷத்துப் பாட்டு. எங்க குலத்துச் சொத்து. இந்தத் தாளம் இருக்கே, அது ஒட்டகத்தோட நடை" என்றான் மிஷ்ஆல், கூசாமல்.

வத்ஹா எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள். பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டாள்.

"ஏண்டா, என் பேரு உன் வாயில வரலையா?"

"கோவப்படாத அக்கா. பழசுன்னாத்தான் மதிக்கிறாங்க. தயிர் கடையிற பொம்பளை போன வருஷம் கட்டினதுன்னா எவன் கேப்பான்?"

"ஒட்டக நடையாம். நீ ஒட்டகத்துல ஏறினதே கல்யாண போட்டோவுக்குத்தான்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்து நடந்த ஒரு கல்யாணத்தில், பெண்கள் கூடாரத்தில் அவளே அதைப் பாடினாள். முடித்ததும் மணப்பெண்ணின் அத்தை சொன்னாள்: "குரல் நல்லாத்தான் இருக்கு. மூணாவது அடியைத்தான் தப்பாப் பாடுற. உன் தம்பி பாடறதைக் கேளு."

"இது நான் கட்டினது அத்தை."

"அவனே டிவியில சொன்னானேம்மா, இருநூறு வருஷம்னு."



இலையுதிர் காலத்தில் மிஷ்ஆல் வந்தான். தலைநகரில் விழா, புதுப் பாட்டு வேண்டும்.

"இன்னொண்ணு கட்டிக் குடு அக்கா."

"இருநூறு வருஷத்துக்கு முந்தினவங்ககிட்டப் போய் வாங்கிக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

விழாவில் அவன் பழைய பாட்டையே பாடினான். பெருநாளைக்கு அவன் வந்தால் இப்போதும் காப்பி வைக்கிறாள்; எதிரில் உட்காருவதில்லை. அதன்பின் ஐந்து பாட்டு கட்டிவிட்டாள். பாடிக்கொண்டிருக்கையில் யாராவது வாசலில் வந்து நின்றால், பாதியிலேயே நிறுத்திவிடுகிறாள்.